பிள்ளையைப் பார்ப்பது யார் என்று கேளுங்கள்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். வயது 34. பகுதிநேரமாக முதுகலைமாணிப் பட்டம் படிக்கிறேன். ‘வன்னிப் பெண்களின் வேலை - குடும்பச் சமநிலையும் ஊடகச் சித்திரிப்பும்’ என்பது ஆய்வுத் தலைப்பு. மிகவும் அகலமான தலைப்பு என்று மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். வாசிக்கக் கிடைக்கும் கட்டுரைகள் எல்லாம் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பற்றியவை. அவை எங்கள் ஊருக்குப் பொருந்துமா? பெண்கள் வேலைக்குப் போவதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்று அலுவலகத்தில் சிலர் சிரிக்கிறார்கள். கணவர் முல்லைத்தீவில் ஆசிரியர். பிள்ளைகள் இரண்டு பேர், இளையவனை அம்மா பார்த்துக்கொள்கிறார். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் மேசையில் உட்காரக் கிடைக்கிறது. எங்கே தொடங்குவது? தொடர்வதா, விடுவதா?

- வாசகி, கிளிநொச்சி

அன்பின் சகோதரிக்கு,

விட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே நல்லதோர் ஆய்வு இருக்கிறது. அது இன்னும் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சிரிப்பவர்களின் கதையை முதலில் முடித்துவிடுவோம். 2013 இல் ஜெனீவாவில் கூடிய தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் 19 ஆவது சர்வதேச மாநாடு, எது வேலை என்பதற்கு ஒரு வரையறை செய்தது. சமைப்பது, பிள்ளை பார்ப்பது, வீட்டுத் தேவைக்குத் தோட்டம் செய்வது எல்லாம் அந்த வரையறைப்படி வேலைதான். சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ செய்வதை மட்டும் ‘தொழில்’ என்று தனியாகப் பிரித்தார்கள். நம் நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். ஆண்களில் அது மூன்றில் இரண்டுக்கும் மேல். மிச்சப் பெண்கள் எங்கே? ‘பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர்’ என்ற நிரலில். பத்துக் கோழியும் கத்தரிப் பாத்தியும் வைத்து, இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்த்து, மாலையில் ஆட்டுக்குக் குழை வெட்டும் ஒரு பெண்ணைச் செயற்படாதவர் என்று எழுதிவைத்திருக்கும் நாட்டில், இதை ஆராயாமல் வேறு எதை ஆராய்வது?

இனி, மேற்கத்தைய கட்டுரைகள். அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம். மூன்று ஆய்வுகளை மட்டும் ஆழமாக வாசியுங்கள். கிறீன்ஹவுஸ், பியூட்டெல் இருவரும் 1985 இல் வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான முரண்பாட்டை மூன்றாகப் பிரித்தார்கள்: நேரத்தால் வருவது, மன அழுத்தத்தால் வருவது, நடத்தையால் வருவது. முதல் இரண்டும் எல்லோருக்கும் விளங்கும். மூன்றாவதுதான் நம் ஊருக்கு முக்கியம். காலையில் கூட்டத்தில் நின்று பத்துச் சங்கத் தலைவர்களுக்கு நடுவே முடிவு சொல்லும் நீங்கள், மாலையில் மாமியார் வீட்டுக் கொண்டாட்டத்தில் குரலைத் தாழ்த்தி நிற்க வேண்டியிருக்கிறது. ஓர் இடத்தில் பாராட்டுப் பெறும் நடத்தையே மற்ற இடத்தில் வாய்க்காரி என்ற பெயரை வாங்கித் தருகிறது. இதை வன்னியில் யாராவது ஒழுங்காக எழுத வேண்டும்.

அடுத்தவர் ஆர்லி ஹொக்சைல்ட். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அங்கே இரண்டாவது ‘ஷிப்ட்’ தொடங்குகிறது என்பதை 1989 இல் அமெரிக்கக் குடும்பங்களின் வீட்டுக்குள்ளேயே இருந்து பார்த்து எழுதியவர். மூன்றாவது ஆய்வு கேய் டக்மனுடையது. 1978 இல் அவர் ஊடகங்கள் பெண்களைக் குறியீட்டு ரீதியாக அழிப்பதைப் பற்றி எழுதினார். காட்டாமல் விடுவது, அற்பமாக்குவது, கண்டிப்பது என்று அதற்கு மூன்று வழிகள். முதலாவது வழியை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்குள்ளேயும் அத்திவாரம் இருக்கிறது. கிழக்கிலங்கையின் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பற்றி செல்வி திருச்சந்திரன் 1999 இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் பிடியுங்கள். ‘நிவேதினி’ இதழ்களையும் பாருங்கள், தமிழில் பெண்ணிய ஆய்வுச் சொற்களுக்குப் பழக்கம் வரும். போர்க்காலத்தில் பெண்களுக்குக் கிடைத்த புதிய இடம் இழப்போடு பின்னிப் பிணைந்தே வந்தது என்று டரினி ராஜசிங்கம் சேனாநாயக்க எழுதியிருப்பதையும் தவறவிடாதீர்கள். அமெரிக்கக் கட்டுரைகளோடு மட்டும் போனால், கணவன் மனைவி இருவர் வேலைக்குப் போகும் வீடுதான் இயல்பான வீடு என்ற எண்ணம் உங்களுக்குத் தெரியாமலே ஆய்வுக்குள் வந்துவிடும். 2009 க்குப் பிறகு வன்னியில் எத்தனையோ வீடுகளில் கணவர் என்ற ஆள் இல்லை. இறந்தவரா காணாமல் ஆக்கப்பட்டவரா என்று படிவத்தில் எழுத முடியாத மனைவிமார் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், வீட்டு வேலையைக் கணவரோடு எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று அச்சிட்ட வினாக்கொத்தை நீட்டக் கூடாது.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை வாசியுங்கள். மேற்பார்வையாளர் வருகிறார், அலுவலகத்தார் வருகிறார்கள், கணவரின் தொழில் வருகிறது. உங்கள் அம்மா மட்டும் அரை வரியில் வந்து போய்விடுகிறார். நீங்கள் காலையில் அலுவலகக் கதிரையில் உட்காருவதும் இரவில் மேசையில் உட்காருவதும் அவரால். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு பெண் எப்படிச் சமாளிக்கிறாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அந்த அம்மா கண்ணுக்குத் தெரிய மாட்டார். அந்தப் பெண் வேலைக்குப் போன நேரத்தில் வீட்டு வேலை யார் தலையில் இறங்கியது என்று கேளுங்கள், உடனே தெரிவார். ஆய்வுக் கேள்வி அதுதான். வன்னியில் ஒரு பெண்ணின் சம்பளத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் சம்பளமில்லாத நாள் இருக்கிறது. அவர் அம்மம்மாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகளாகவும் இருக்கலாம்.

சட்டமும் இந்த அம்மாவைக் காண்பதில்லை. 2018 இல் திருத்தம் வந்த பிறகு தனியார் துறைத் தாய்க்கு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 வேலை நாள் பிரசவ விடுமுறை உண்டு. அரசாங்க உத்தியோகத்தரான தந்தைக்கு 3 நாள். அதற்குப் பிறகு பிள்ளை யாரிடம் என்பதை எந்தச் சுற்றறிக்கையும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் பதில் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஊடகத்துக்கு வருகிறேன். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில், பல நாடுகளின் செய்திகளை எடுத்து, அவற்றில் பேசப்படுவோரும் பேசுவோரும் யார் என்று எண்ணுகிறது. 1995 இல் பெண்கள் 17 வீதம். 2020 இல் 25 வீதம். கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளி. இந்த எண்ணிக்கை உங்கள் அறிமுக அத்தியாயத்துக்கு உதவும். ஆனால் வன்னிப் பெண் செய்தியில் இல்லாதவள் அல்லள் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அவள் நிறையவே வருகிறாள். எந்தக் கோலத்தில் வருகிறாள் என்பதுதான் கேள்வி.

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பெண்களைப் பற்றிய சிறப்புக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். முகக் கவசம், முழங்காலிட்ட உருவம், துணிச்சல், தியாகம். பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் இந்த வேலை என்று ஒரு வரி. அந்தத் தாய் விடியுமுன் வேலைத்தளத்துக்குப் புறப்பட்டால் அந்தப் பிள்ளைகளுக்குத் தலை வாரி, சாப்பாடு கட்டி, படலைவரை வந்து அனுப்பியது யார் என்பதை அந்தக் கட்டுரைகளில் தேடுங்கள். ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் பற்றிய செய்திகளிலும் அதே தேடலைச் செய்யுங்கள். தேடிக் கிடைக்காவிட்டால் அதுவும் ஒரு கண்டுபிடிப்பு. டக்மன் சொன்ன முதலாவது வழி உங்கள் கையில் இருக்கும்.

கடந்த சில ஆண்டுகளாகப் பரவியிருக்கும் யூடியூப் உதவிக் காணொளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது என் மனத்தை மிகவும் உறுத்தும் விடயம். ஒருவர் கமராவோடு வீட்டுக்கு வருகிறார். தகரக் கூரை காட்டப்படுகிறது. சமையலறைக்குள் போய்ச் சோற்றுப் பானையின் மூடி திறக்கப்படுகிறது. பெண்ணிடம் கணவர் எங்கே என்று கேட்கப்படுகிறது, அவள் அழுகிறாள், பிள்ளைகள் பின்னால் நிற்கிறார்கள், கடைசியில் பொதி கொடுக்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவர்களின் மனம் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உதவி கிடைக்க வேண்டுமானால் அந்தப் பெண் எந்த வேலையும் இல்லாதவளாகவும் எந்தத் துணையும் இல்லாதவளாகவும் திரையில் நிற்க வேண்டியிருக்கிறது. அவள் கச்சான் வறுத்து விற்பதோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராகக் கணக்கு எழுதுவதோ, தாய் பிள்ளையைப் பார்ப்பதோ அந்தக் காட்சிக்கு இடைஞ்சல். நாளிதழ் அவளை வீரத்தாய் ஆக்குகிறது, காணொளி அவளை அநாதரவானவள் ஆக்குகிறது. இரண்டிலும் அடுத்த அறையில் இருக்கும் அம்மம்மா இல்லை. இந்த ஒப்பீடு கவர்ச்சியானதுதான், ஆனாலும் முதுகலைமாணி ஆய்வுக்கு நாளிதழை மட்டும் எடுங்கள். காணொளிகளைக் கலாநிதிப் பட்டத்துக்கு வையுங்கள். அதில் சிறுவர்களின் முகங்களை என்ன செய்வது என்ற கேள்வியே தனி அத்தியாயம்.

ஆக, தலைப்பை இப்படிக் குறுக்கலாம்: ‘வேலைக்குச் செல்லும் தாய்மாரின் வீடுகளில் பிள்ளைப் பராமரிப்பைச் செய்வோர்: தமிழ் நாளிதழ்க் கட்டுரைகளும் கிளிநொச்சி மாவட்டக் குடும்பங்களும்’. இரண்டு நாளிதழ்கள், ஒரே ஓர் ஆண்டின் ஞாயிறு இதழ்கள், அவற்றில் வேலை செய்யும் வடமாகாணப் பெண்களைப் பற்றிய கட்டுரைகள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். அதில் நான்கே கேள்விகள் போதும். பேசுவது யார், படத்தில் இருப்பது யார், பிள்ளையைப் பார்ப்பவர் பற்றிக் குறிப்பு உண்டா, உண்டென்றால் அவர் வாயால் ஒரு சொல்லாவது வருகிறதா. உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் அதே கட்டுரைகளில் இருபதைக் கொடுத்துத் தனியாக நிரப்பச் சொல்லுங்கள். இருவர் தாளும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே உங்கள் கேள்வி தெளிவில்லை என்று அர்த்தம்.

பிறகு எட்டு அல்லது பத்துக் குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருவரிடம் பேச வேண்டும்: வேலைக்குப் போகிறவரிடமும், வீட்டில் நிற்பவரிடமும், தனித்தனியாக. 2017 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டில் முதன்முறையாக நேரப் பயன்பாட்டு அளவீடு ஒன்றை நடத்தியது. அதன் அறிக்கையைப் பார்த்து ஒரு நாளை மணித்தியாலங்களாகப் பிரித்துக் கேட்கும் முறையைப் படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே பதில்தான்: ‘நான் சும்மா வீட்டில்தானே இருக்கிறேன்.’

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஓர் அம்மம்மா எனக்கும் அதையே சொன்னார். நேற்று இந்த வீட்டில் முதலில் எழுந்தவர் யார் என்று கேட்டேன். நான்தான் என்றார். எழுந்ததும்? அடுப்பு மூட்டியது, மகளுக்குத் தேநீர், தண்ணீர் இறைத்தது, பெரியவளின் பின்னல், சின்னவனின் புட்டு, முன்பள்ளிக்கு நடை, திரும்பி வந்து உடுப்பு, மத்தியானம் மறுபடி முன்பள்ளிக்கு நடை. பேச்சு நடக்கும்போதே குழந்தை ஓர் உறையைக் கிழிக்கப் பார்த்தது. அதற்குள் அவருடைய கிளினிக் கொப்பி இருந்தது. பிரஷருக்கு மாதம் மாதம் குளிசை எடுக்கிறவர். கொப்பியில் நடுவே சில மாதங்களுக்குத் திகதியே இல்லை. ஏன் என்று கேட்டேன். ‘பிள்ளையை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க ஏலாது, தங்கச்சி’ என்றார். மகள் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய மாதத்திலிருந்துதான் அந்த இடைவெளி தொடங்கியிருந்தது.

மகள் கெட்டவள் அல்லள். அவளுக்கு அது தெரியவே தெரியாது. அம்மா சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள்ளேயே இருவர் அறிந்த வீடு இரண்டாக இருக்கிறது. அதனால்தான் தனித்தனியாகப் பேசுங்கள் என்கிறேன். அனுமதி தந்தால் கிளினிக் கொப்பியின் திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மூத்த மகள் பிள்ளை பார்க்கும் வீடென்றால் அவள் எந்த நாட்களில் முதலாம் பாடத்துக்குப் பிந்திப் போகிறாள் என்று கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு ஆண்டு முன்பே ஒரு பெண் பிள்ளையின் படிப்பு இப்படித்தான், யாரும் முடிவெடுக்காமலே, பின்னுக்குப் போகிறது.

ஒரு கண்டிப்பான சொல். உங்கள் சொந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இந்த நேர்காணல்களைச் செய்யாதீர்கள். நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அவர்களுக்கு நீங்கள் கந்தோரிலிருந்து வந்தவர்தான். 2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கிய நாளிலிருந்து வீட்டுக்குள் கொப்பியோடு வருகிற யாரும் தங்கள் புள்ளியைக் கூட்டவோ குறைக்கவோ வந்தவர் என்ற எண்ணம் சனங்களுக்கு உண்டு. வருமானம் இருப்பதை மறைப்பார்கள், உதவிக்கு ஆள் இருப்பதையும் மறைப்பார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது, அவர்கள் கண்ட அனுபவம் அப்படி. பக்கத்துப் பிரிவுக்குப் போங்கள், அரச வாகனத்தில் போகாதீர்கள், மாணவியாகப் போங்கள்.

கையெழுத்து வாங்குவது பற்றியும் யோசியுங்கள். இடம்பெயர்ந்தபோது, முகாமில், மீள்குடியேறியபோது, நட்ட ஈட்டுக்கு, காணாமல் ஆக்கப்பட்டவருக்காக என்று வன்னிப் பெண்கள் போட்ட கையெழுத்துக்கு அளவில்லை. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு இடம் கொடுத்தால் வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்யுங்கள். போரைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் ஒருவர் மறைந்துவிட மாட்டார். கிராமம், பிள்ளைகளின் எண்ணிக்கை, கணவரைத் தேடும் விபரம் மூன்றும் சேர்ந்தால் ஊரில் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அந்த மூன்றில் இரண்டையாவது எழுதாமல் விடுங்கள்.

உங்கள் இரவு பத்து மணி. அதை நீங்கள் பெருமையாகவும் சொல்லவில்லை, முறைப்பாடாகவும் சொல்லவில்லை. அதுவே எனக்குக் கவலை. ஒரு பகல் முழுக்க உழைத்த மூளையால் அந்த நான்கு கேள்வித் தாளை நிரப்ப முடியும், அத்தியாயம் எழுத முடியாது. எழுத்துக்குக் காலை வேண்டும். கணவரிடம் ‘கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அந்த வேலை உங்களுடையதாகவே இருக்கும், அவர் நல்லவராக மட்டும் ஆவார். சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை வீடும் இரண்டு பிள்ளைகளும் அவர் பொறுப்பு, அந்த நேரத்தில் கேள்வி கேட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்று நேரத்தைச் சொல்லிப் பேசுங்கள். ஆசிரியர் அவர். பாடவேளை என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு கிழமை சமையலறையில் சத்தம் கேட்கும், எழும்பிப் போகாதீர்கள். படிப்பு விடுமுறைக்கு வழி இருக்கிறதா என்று உங்கள் நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே மறுப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான்கு மணித்தியாலத்தை அம்மாவிடமிருந்து எடுக்கக் கூடாது. கணவர் பொறுப்பு என்று சொல்லி, கடைசியில் அம்மா புட்டு அவித்துக்கொண்டு நின்றால் உங்கள் ஆய்வின் முடிவை உங்கள் வீடே எழுதிவிடும். அம்மாவுக்குக் கிழமையில் ஒரு நாள் முழுதாக விடுதலை கொடுங்கள். கோவிலோ, சகோதரி வீடோ, நித்திரையோ, அது அவர் இஷ்டம். அவருக்கும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கக்கூடும். இன்று வீட்டுக்குப் போனதும் கேட்டுப் பாருங்கள்.

ஆய்வில் உங்களைப் பற்றி எவ்வளவு எழுதுவது என்று அடுத்ததாக யோசிப்பீர்கள். முறையியல் அத்தியாயத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள்: நீங்கள் யார், எந்தப் பதவி, உங்கள் பிள்ளையை யார் பார்க்கிறார். அதற்கு மேல் வேண்டாம். அந்த அம்மம்மாக்களுக்கு இடம் விடுங்கள்.

மேற்பார்வையாளரிடம் அடுத்த முறை தலைப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பத்துக் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அந்த நான்கு கேள்வித் தாளை நிரப்பி, அவற்றோடு ஒரே ஒரு குடும்பத்தின் 24 மணித்தியாலக் குறிப்பையும் இணைத்துக் கொண்டுபோங்கள். அந்தக் குறிப்பை எப்படி எடுத்தீர்கள் என்று அவர் கேட்பார். அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.